தோட்டத்துக்குள் நுழைந்த பாட்டு

கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையம் பெயரளவில்தான் கோட்டைக்குரியது. அது நிற்பது புறக்கோட்டையிலே. இந்திய வணிகரின் புடவைக் கடைகளும், மலைநாட்டுக்குப் புகையிரதம் ஏறும் மேடையும் நடந்து செல்லும் தூரத்தில் அமைந்திருந்த இடம் இது. துணிமூட்டை சுமந்து தோட்டம் தோட்டமாகத் திரிந்த வியாபாரியை நினைக்கும்போதெல்லாம், அவனோடு சேர்ந்து ஒரு பாட்டின் வரலாறும் என் நினைவுக்கு வருகிறது.

அக்காலத்தில் தேயிலைத் தோட்டம் துரையின் தனிச்சொத்து. அனுமதியின்றி வெளியார் கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு. புடவை வியாபாரிக்கு மட்டும் வழி விட்டார்கள். தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் அந்த வேடத்தில் தோட்டங்களுக்குள் புகுந்து தொழிலாளர் நிலையை நேரில் கண்டார் என்பது மலையக வரலாற்றில் பலரும் அறிந்த செய்தி. 1921இல் 'தேசநேசன்', 1924இல் 'தேசபக்தன்' என்று கொழும்பிலிருந்து பத்திரிகைகள் நடத்தியவர் அவர். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கெனத் தொழிற்சங்கம் கண்டார். 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றார்.

ஆனால் பத்திரிகை லயத்துக்குள் போய்ச் சேர்ந்தாலும் அதைப் படிப்பதற்கு எத்தனை பேர் இருந்தார்கள்? எழுத்தறியாத மக்களிடம் அச்செழுத்து ஊமையாகிவிடுகிறது. இந்த இடத்திலேதான் நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையின் பணி முக்கியத்துவம் பெறுகின்றது. அவர் தொழிலாளர் துயரங்களைப் பாட்டாக்கினார். சிறு பிரசுரங்களாக அச்சிட்டுப் பரப்பினார். கூட்டங்களிலே தாமே பாடினார். பாரதி பாடல்களின் மெட்டையும் மக்கள் வாயில் ஏற்கெனவே புழங்கிய மெட்டுக்களையும் எடுத்துக்கொண்டார். மெட்டுத் தெரிந்த காதுக்குச் சொல் மட்டுமே புதிது. ஒருவர் படித்துக் காட்டினால் போதும், பத்துப் பேர் மனனம் செய்துகொள்வார்கள். காகிதத்தைக் கங்காணி பறிக்கலாம். மனனமானதை எப்படிப் பறிப்பது?

இதற்கு முன்னும் தோட்டத்தில் பாட்டு இல்லாமலில்லை. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு நாட்டார் பாடல்களில் கங்காணியின் கொடுமையும் கடல் கடந்து வந்த வேதனையும் உண்டு. எனினும் பெரும்பாலும் அவை விதியை நொந்த புலம்பல்கள். மீனாட்சி அம்மையின் பாடல்களோ சம்பளத்தையும் உரிமையையும் சட்டத்தையும் பேசின. புலம்பல் கோரிக்கையாக மாறியதை, ஈழத்துத் தமிழ்ப் பாட்டு வரலாற்றில் ஒரு திருப்பமாகவே நான் கருதுகிறேன்.

உலகின் மறுகோடியிலும் இதே வழிதான் கையாளப்பட்டது. சுவீடனிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன ஜோ ஹில், தேவாலயப் பாடல் மெட்டுக்களில் தொழிலாளர் பாட்டுக்களைப் புனைந்தார். 1915இல் யூட்டா மாநிலத்தில் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது, பாட்டுக்கள் எஞ்சின. 1945இல் சார்ள்ஸ்டன் நகரப் புகையிலைத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் செய்த கறுப்பினப் பெண்கள் பாடிய பழைய தேவாலயப் பாட்டொன்றே, பின்னர் 'வீ ஷால் ஓவர்கம்' என்று சிவில் உரிமை இயக்கத்தின் கீதமாயிற்று.

அங்கே அந்தக் கீதம் நிறபேதம் கடந்து பலரைக் கைகோக்கச் செய்தது. இங்கே நிகழ்ந்தது என்ன? 1923இல் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் கொழும்புத் தொழிலாளர் இனம் பாராது வேலைநிறுத்தம் செய்தனர். நடேசய்யரும் அவரோடு சேர்ந்து உழைத்தவரே. ஆனால் 1930களில் அதே குணசிங்க மலையாளத் தொழிலாளருக்கு எதிராகக் கிளர்ச்சி நடத்தினார். 1939இல் அரசாங்கத் திணைக்களங்களிலிருந்து இந்தியத் தினக்கூலித் தொழிலாளர் நீக்கப்பட்டனர். மறு வருடம் மீனாட்சி அம்மையின் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பாடல் நூல் வெளிவந்தது. தலைப்பே சொல்கிறது: 'தொழிலாளர்' என்ற பொதுச் சொல் போய், 'இந்தியர்' என்ற தனிச் சொல் வந்துவிட்டது. இதற்கு அவரைக் குறை கூறுவது நியாயமன்று. தள்ளப்பட்டவன் தள்ளப்பட்ட பெயராலேயே குரல் எழுப்ப நேர்கிறது. எனினும் துறைமுகத்திலும் ட்ராம் வண்டியிலும் தோளோடு தோள் நின்றவர்கள் சேர்ந்து பாட ஒரு பாட்டு நிலைபெறாமற் போனதை, இந்த நாடு பின்னர் கண்ட இரத்தக் களரியோடு சேர்த்து எண்ணாமல் இருக்க முடியவில்லை.

நடேசய்யர் 1947இல் மறைந்தார். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. பாட்டு அந்தச் சட்டத்தைத் தடுக்கவில்லை. தடுக்கும் வல்லமை பாட்டுக்கு இருந்ததாக நான் சொல்லமாட்டேன். தலைகுனிந்து நின்ற மக்களுக்குத் தம் நிலையைத் தாமே பெயரிட்டுச் சொல்லும் துணிவை அது தந்தது. 2003இல் எஞ்சியிருந்தோருக்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வரும்வரை, அந்தத் துணிவு பல வடிவங்களில் தேவைப்பட்டது.

சாரல்நாடன் போன்றோரின் தேடலால் மீனாட்சி அம்மையின் பெயர் மறதியிலிருந்து மீண்டது. ஆயினும் அச்சில் படிக்கும்போது அந்தப் பாட்டில் பாதியே நமக்குக் கிடைக்கிறது. மறுபாதி மெட்டு. அதை அறிந்த முதியோர் எந்தத் தோட்டத்திலாவது இருப்பின், அவர்கள் குரலைப் பதிவு செய்துகொள்வது நம் கலைஞர்களின் கடமையாகும்.