கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தவர்கள்

அரூர்ப் பக்கத்தில் என் பாட்டி தலைமுறைக்கு அரசாங்கம்னா மூணு பேர்தான்: மணியக்காரர், போலீஸ்காரர், அம்மை குத்துகிறவர். மூன்றாமவர் வருகிறார் என்றால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சோளக்கொல்லைக்குள் ஓடுவோம் என்பாள். வாந்திபேதிக் காலத்தில் இன்னொருவரும் வருவாராம். கிணற்றில் மருந்து போடுவார், தண்ணி செவந்துபோயிடும். "அத யாரு குடிப்பா?"

இதை மூடநம்பிக்கைக் கணக்கில் எழுதிவிடுவது சுலபம். ஃபூக்கோ படித்த நண்பர்களோ, உடல்கள் மீதான கண்காணிப்பு என்று முடித்துவிடுவார்கள். இரண்டும் பாதி உண்மைதான்.

அரூர் அப்போது சேலம் ஜில்லா. தர்மபுரி தனி மாவட்டமானது 1965இல். 1920களில் சென்னை மாகாணத்தில் ஜில்லாவுக்கொரு சுகாதார அதிகாரி வந்தார். 1939இல் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. வீட்டுக்குள் நுழைந்து சோதிக்கவும், தொற்றுநோயாளியை அப்புறப்படுத்தவும், திருவிழாக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும் அது அதிகாரம் தந்தது.

இங்கிலாந்தில் அதற்கு மூன்றாண்டு முன்பு, 1936இல், பொதுச் சுகாதாரச் சட்டங்களைத் திரட்டிப் புதிதாக எழுதியிருந்தார்கள். அடுத்த வருஷமே லண்டனை ஒட்டிய குராய்டனில் டைபாய்டு பரவி 43 பேர் செத்தார்கள். ஆடிங்டன் கிணற்றில் பழுதுபார்க்க இறங்கிய தொழிலாளி ஒருவர் தமக்குத் தெரியாமலே கிருமியைச் சுமந்திருந்தார். அந்த நேரம் பார்த்துக் குளோரின் கலப்பதும் நிறுத்தப்பட்டிருந்தது. ஊர்க்காரர்கள் விசாரணை கேட்டார்கள். விசாரணை நடந்தது, நகராட்சி பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

நம் பக்கம் அப்படிக் கேட்க 'ஊர்' எது? ஊரும் சேரியும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்தால்தானே ஒரே குரலில் கேட்க முடியும்? பொதுக் கிணறும் பொதுப் பாதையும் எல்லாருக்கும் உரியவை என்று 1924இல் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1927இல் மகாடில் அம்பேத்கரும் தோழர்களும் குளத்து நீரை அள்ளிக் குடித்ததும், சாதி இந்துக்கள் அந்தக் குளத்துக்குத் 'தீட்டுக் கழித்தார்கள்'. கிருமிக்காக அல்ல. இங்கே 1938இல் சமூக இயலாமைகள் நீக்கச் சட்டம் வந்தது. ஆக, தண்ணீர் சுத்தமா என்று பார்க்க ஒரு சட்டம். யார் மொள்ளலாம் என்று சொல்ல இன்னொரு சட்டம். கிணறு ஒன்று, கோப்பு இரண்டு. இன்ஸ்பெக்டர் கையில் இருந்தது முதல் கோப்பு மட்டும்.

இந்தப் பிளவுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். சுகாதாரம் அசுத்தத்தைத் தேடியது, அதைச் சுமந்தவரைத் தேடவில்லை. கக்கூஸைப் பரிசோதித்தவருக்கு, அதைக் கையால் அள்ளியவர் பரிசோதனைக்குரிய விஷயமாகவே படவில்லை. மனிதர் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993 வரை காத்திருந்தோம். அது போதாமல் 2013இல் இன்னொரு சட்டம்.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கிடப்பது தெரிய வந்தது. குழந்தைகள் நோயில் விழுந்த பிறகுதான் ஏறிப் பார்த்தார்கள்.

பாட்டியின் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுக்கொள்கிறேன்: அதை யாரைக் குடிக்க வைக்கிறோம்?