தகட்டில் கிடந்த பெயர்

1983-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு சிறிய டொயோட்டா காரின் பானெட்டைத் தூக்கினால், எஞ்சினுக்குப் பின்னால் நிற்கும் தகரச் சுவரில் ஒரு சின்னத் தகடு தெரியும். வண்ணத்தின் எண், இருக்கைத் துணியின் குறி, கியர்பெட்டியின் குறி என்று நெருக்கி நெருக்கிப் பொறித்திருப்பார்கள். அவற்றோடு ஏ, இ, 8, 6. விளம்பரத்துக்காக எழுதியவை அல்ல இவை; பட்டறைக்காரருக்காகவும் உதிரிபாகக் கடைக்காரருக்காகவும் பொறித்தவை. ஆனால் இன்று ரசிகர்கள் அந்தக் காரை அழைப்பது இந்த எண்ணால்தான். ஹச்சிரொக்கு. ஜப்பானிய மொழியில் எட்டு, ஆறு.

நிறுவனம் சூட்டிய பெயர்கள் வேறு, அவை அழகானவையும்கூட. ஒரே கார் இரண்டு முகங்களோடு வந்தது. விளக்குகள் நிலையாக இருந்தது கொரோலா லெவின். விளக்குகள் இமை திறப்பதுபோல் எழும்பியது ஸ்பிரின்டர் ட்ருவேனோ. லெவின் என்பது ஆங்கிலத்தில் வழக்கொழிந்த பழஞ்சொல், மின்னல் என்று பொருள். ட்ருவேனோ ஸ்பானிய மொழிச் சொல், இடி. 1972-இல் முதன்முதலாக இந்த இணையை வைத்தவருக்கு நல்ல காது இருந்திருக்க வேண்டும். அவற்றை விற்ற கடைகளும் வேறு வேறு என்பதால், ஜப்பானியர் மின்னலை ஒரு கடையிலும் இடியை இன்னொரு கடையிலும் வாங்கினார்கள்.

கொரோலாவுக்கும் ஒரு வேர் உண்டு. டொயோட்டா தன் கார்களுக்கு மகுடத்தின் பெயர்களை வைப்பதில் பிடிவாதமாக இருந்தது. கிரவுன் என்றால் ஆங்கிலத்தில் முடி. கொரோனா என்றால் லத்தீனில் முடி. கேம்ரி என்பது ‘கன்முரி’ என்ற ஜப்பானியச் சொல்லின் திரிபு, அதுவும் முடிதான். கொரோலா லத்தீனில் சின்ன முடி, சிறு மாலை. தாவரவியலார் அதைப் பூவிதழ்களின் வளையத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். நம் பள்ளிப் பாடநூலில் அதற்கு நேரான சொல் அல்லிவட்டம். செம்பருத்தியைப் பிய்த்துப் புல்லிவட்டம், அல்லிவட்டம் என்று வரிசையாக ஒட்டிய எல்லோரும் கொரோலாவின் பொருளை அறிந்தவர்களே.

இப்படி மலரும் மின்னலும் இடியும் இருக்க, வெறும் எண் எப்படி வென்றது?

தகட்டின் குறியீட்டைப் பிரித்தால் வழி கிடைக்கும். ஏ என்பது எஞ்சின் குடும்பம். இ என்பது கொரோலா, ஸ்பிரின்டர் வழி. 8 அந்தக் காலத்துக் கொரோலா தலைமுறை. 6 அதற்குள் இந்த வகை. எஞ்சினுக்கும் தனிக் குறி உண்டு: 4ஏ-ஜிஇ. ஏ வரிசையில் நான்காவது. ஜி என்றால் இரட்டைக் கேம்ஷாஃப்ட். கடைசி இ என்றால் மின்னணு எரிபொருள் செலுத்தல். காரின் குறியில் இ ஒன்று, எஞ்சினின் குறியில் இ வேறொன்று. ஓரெழுத்துக்கு இடம் பார்த்துப் பொருள் கொள்ளும் பழக்கம் நிகண்டு படித்தவர்களுக்குப் புதிதல்ல.

எண்ணால் அழைப்பது இந்தக் காரோடு தொடங்கவும் இல்லை. 1972-இன் முதல் லெவினின் குறி டிஇ27. அதை ‘நீ-நானா’ என்றார்கள், இரண்டு-ஏழு. இதில் ஒரு நுட்பம் உண்டு. ஜப்பானிய மொழியில் எண்களுக்கு இரண்டு வரிசை: சீனத்திலிருந்து வந்தது ஒன்று, நாட்டுச் சொல் மற்றொன்று. நீ சீன வரவு, நானா நாட்டுச் சொல். ஹச்சியும் ரொக்குவும் இரண்டுமே சீன வரவு. எண்பத்தாறு என்று முறையாகச் சொல்லாமல் இலக்கம் இலக்கமாக உச்சரிப்பதைக் கவனியுங்கள். பாகக் கடையில் குறியை வாசித்துக் காட்டுகிறவரின் பேச்சு அப்படித்தான் இருக்கும்.

தமிழ் இலக்கணத்தில் இதை எண்ணலளவை ஆகுபெயர் என்று அடக்கிவிடத் தோன்றும். பொருந்தாது. ‘நாலும் இரண்டும் சொல்லுக்குறுதி’ என்னும்போது நாலு வெண்பாவின் அடிகளை எண்ணுகிறது, இரண்டு குறளின் அடிகளை எண்ணுகிறது. ஹச்சிரொக்கு எதையும் எண்ணவில்லை. எட்டும் இல்லை, ஆறும் இல்லை, அடையாளம் மட்டுமே.

அந்த அடையாளம் தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. அந்தத் தலைமுறையின் மற்றக் கொரோலாக்கள் முன்சக்கரங்களால் ஓடத் தொடங்கியிருந்தன. லெவினும் ட்ருவேனோவும் மட்டும் பழைய முறைப்படி பின்சக்கரங்களால் ஓடின. ஹச்சிரொக்குவின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு, எஞ்சின் 1587 சிசி. பின்பக்கத்தை வழுக்கவிட்டு வளைவில் திருப்பும் டிரிஃப்ட் கலைக்கு வாகான உடல். அந்தக் கலையின் அரசன் என்று பேர்பெற்ற கெய்ச்சி சுச்சியா இளமையில் ஓட்டியது இதைத்தான். பிரேக்கோ சக்கர அச்சோ தேடுகிறவர் கடையில் ‘லெவின்’ என்று மட்டும் சொன்னால் போதாது. 1987-க்குப் பின்னும் லெவின்கள் வந்தன, அவை முன்சக்கர வண்டிகள். எண்ணைச் சொன்னால்தான் சரியான பாகம் கைக்கு வரும். பழுதுபார்க்கிறவர்களின் வாயில்தான் இந்தப் பெயர் ஊன்றியது என்று நான் கருதுவது இதனால்.

1995-இல் ஷுய்ச்சி ஷிகெனோவின் ‘இனிஷியல் டி’ சித்திரக்கதை தொடங்கியதும் பெயர் கடல் கடந்தது. டோஃபு கடைப் பையன் ஒருவன், கறுப்பு வெள்ளை ட்ருவேனோ ஒன்று, ஒரு மலைப்பாதை. பிறகு 2012-இல் டொயோட்டாவே புதிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுக்கு 86 என்று பெயரிட்டது. சுபாருவோடு சேர்ந்து செய்த அதன் எஞ்சினில் சிலிண்டரின் விட்டம் 86 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் 86. எதையும் எண்ணாதிருந்த எண் அங்கே அளவாகிவிட்டது. 2021-இன் ஜிஆர்86-இல் விட்டம் 94 ஆனது. ஏறி இறங்கும் தூரம் மட்டும் 86-ஆகவே நின்றது.

பழைய வண்டியை வைத்திருப்பவர்களுக்கு வேறொரு சொல்லும் முக்கியம்: கை. ஜப்பானில் வாகனத்தின் அமைப்பைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் மாற்றி, அதற்குரிய சோதனையில் தேறினால், பதிவுச் சான்றிதழில் வகைக்குறிக்குப் பின்னால் ‘கை’ என்னும் சீன எழுத்தைச் சேர்ப்பார்கள். மாற்றியது, திருத்தியது என்று பொருள். நம் கைக்கும் அதற்கும் உறவில்லை. ஓசை ஒத்தால் வேரும் ஒன்று என்று எண்ணுவது சொல்லாராய்ச்சியின் முதல் படுகுழி. ஆனாலும் ஒரு மனிதன் மாதக்கணக்கில் உழைத்து மாற்றிய வண்டியின் பேரில் கை என்று எழுதியிருப்பதைத் தமிழில் வாசிக்கும்போது எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது.

இந்த ஹச்சிரொக்குவுக்கு ஒரு தம்பி உண்டு. ஏஇ85, அதாவது ஹச்சிகோ, எட்டு-ஐந்து. உருவம் ஏறக்குறைய ஒன்றே, உள்ளே 1.5 லிட்டர், ஒற்றைக் கேம்ஷாஃப்ட் எஞ்சின். 86-கள் அரிதாகிவிட்டதால் சிலர் 85 ஒன்றை வாங்கி, 4ஏ-ஜிஇ எஞ்சினை இறக்கி, பிரேக்கையும் பின் அச்சையும் மாற்றி, அண்ணனாக்கிவிடுகிறார்கள். ஓட்டிப் பார்த்தால் வேறுபாடு தெரியாதிருக்கலாம். பானெட்டைத் தூக்கினால் தகட்டில் 5 என்றுதான் இருக்கும்.