வேலிக்காத்தான்: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து உயிர்வேலி

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்கள் மானாவாரி நிலம் மிகுந்தவை. ஆடுமாடுகளிடமிருந்து வெள்ளாமையைக் காக்க, முள் வெட்டி அடைத்த வேலியோடு உயிர்வேலியும் இங்கு வழக்கில் இருந்தது. கிளுவை, திருகுகள்ளி ஆகியவை அதற்கு ஏற்றவை. கிளுவைப் போத்தை மழைக்காலத்தில் ஊன்றினால் வேர்பிடிக்கும். ஆயினும் அது அடர்ந்து வரச் சில ஆண்டுகள் ஆகும்.

விரைந்து வளரும் வேலியைத் தேடியதில் தமிழகம் இருமுறை சிக்கலுக்கு உள்ளானது. முதலாவது சப்பாத்திக்கள்ளி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இது வேலியைத் தாண்டித் தரிசெங்கும் பரவியது. 1926இல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒருவகைச் செதில்பூச்சியே இதைப் பெருமளவு அழித்தது.

இரண்டாவது சீமைக்கருவேலம். இதன் விதைகள் 1877இல் ஜமைக்காவிலிருந்து தருவிக்கப்பட்டுக் கடப்பைப் பகுதியில் விதைக்கப்பட்டன. கோடையிலும் பசுமை மாறாது. இலையை ஆடு விரும்பித் தின்னாது. வெட்டினாலும் தூரிலிருந்து துளிர்க்கும். வேலிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ‘வேலிக்காத்தான்’, ‘வேலிக்கருவை’ என்னும் பெயர்களே அன்றைய எதிர்பார்ப்பைச் சொல்கின்றன. ஆனால் ஆடுகள் இதன் நெற்றைத் தின்றன. சாணத்திலும் புழுக்கையிலும் வெளிவந்த விதைகள் பக்கத்துப் புஞ்சையிலும் கண்மாயிலும் முளைத்தன.

எல்லைத் தகராறுகளின் வேர் இங்கேதான் உள்ளது. 1923ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைகள் சட்டத்தின்படி அளந்து நாட்டப்படும் கல்தான் எல்லை அடையாளம், மரவரிசை அன்று. வரப்பில் நட்ட முள் ஆண்டுதோறும் பக்கத்து நிலத்துக்குள் அகலும்போது, அங்கே உழவு ஒரு சால் பின்வாங்குகிறது. உரிமையாளரின் உரிமையை மறுத்து, வெளிப்படையாகப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து அனுபவித்தவர் எதிரிடை அனுபவ பாத்தியம் கோர 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் இடமளிக்கிறது. முள் பரவியது மட்டும் அதற்குப் போதாது என்றாலும், அரை ஏக்கர் வைத்திருப்பவருக்கு வழக்குச் செலவே பெருஞ்சுமை.

தம் நிலத்தின்மேல் நீண்ட கிளையை எல்லைக்கோடு வரை வெட்டிக்கொள்ளலாம் என்பது 1894இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை அளித்த தீர்ப்பு. இந்திய நீதிமன்றங்களும் அந்நெறியை ஏற்றுள்ளன. இங்கிலாந்தில் இரண்டு மீட்டருக்கு மேல் உயர்ந்த பசுமைமாறா வேலிகள் பற்றி உள்ளாட்சியிடம் முறையிட 2005 முதல் வழியுண்டு. ஆனால் கரிசல்காட்டில் தொல்லை தருவது வேலியின் உயரமன்று, அகலமே.

2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தென்மாவட்டங்களில் சீமைக்கருவேலத்தை அகற்ற ஆணையிட்டது. சில மாதங்களில் அப்பணிக்கு இடைக்காலத் தடை வந்தது. 2022இல் தமிழக அரசு, அயல் ஊடுருவல் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையை வெளியிட்டது. இதற்கிடையே, மழை பொய்த்த ஆண்டுகளில் இவ்வட்டாரத்தாருக்குக் கூலி தந்ததும் இம்மரத்தின் கரிமூட்டமே. முற்றாக ஒழிக்க வேண்டும் என்போர் இதை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

முள் மண்டிய புஞ்சையை அளக்க நில அளவர் வந்தால், சங்கிலி பிடிக்குமுன் அரிவாளோடு ஆட்கள் இறங்கிக் கல்லைத் தேட வேண்டியிருக்கிறது.