சுண்ட்போர்ன் வீடும் காரின் லார்சனின் கைகளும்

வீட்டு அலங்காரம் என்றதும் அதை மகளிர் இதழ்களின் நடுப்பக்கத்திற்கு ஒதுக்கிவிட்டு நகர்ந்துவிடுவது இலக்கிய வாசகர்களாகிய நம் வழக்கம். ஓவியம் கலை, சிற்பம் கலை, கட்டடமும்கூடக் கலை. ஆனால் திரைச்சீலைக்கு நிறம் தேர்வதும் பழைய நாற்காலிக்கு வண்ணம் பூசுவதும் வீட்டுவேலை. இந்தப் பாகுபாடு எத்தனை நொய்மையானது என்பதைக் காட்டும் வரலாறு ஒன்று ஸ்வீடனில் உண்டு. வெள்ளைப் பூச்சு பெற்ற பழைய மரச்சாமான்கள், கோடு போட்ட பருத்தி உறைகள், கனத்த திரைகள் இல்லாத சன்னல், அதன் விளிம்பில் பூந்தொட்டிகள் என்று இன்று ‘காட்டேஜ் பாணி’ என்ற பெயரில் உலகெங்கும் விற்கப்படும் அலங்காரத்தின் ஊற்றுக்கண்களில் ஒன்று, அந்நாட்டின் டாலர்னா பகுதியில் சுண்ட்போர்ன் என்னும் சிற்றூரில் இருக்கிறது.

கார்ல் லார்சன் 1853இல் ஸ்டாக்ஹோமின் பழைய நகரப் பகுதியில் கொடிய வறுமையில் பிறந்தவர். காரின் பெர்யோ 1859இல் வசதியான வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். ஸ்டாக்ஹோம் அரச கலைக்கழகத்தில் 1877 முதல் 1882 வரை ஓவியம் பயின்றவர். பாரிஸுக்கு அருகே க்ரே என்ற ஊரில் கூடியிருந்த ஸ்காண்டிநேவியக் கலைஞர்களிடையே இருவரும் சந்தித்தனர். 1883இல் மணம் புரிந்துகொண்டனர். அப்போது இருவருமே ஓவியர்கள். மறுஆண்டு முதல் குழந்தை பிறந்தது. 1900க்குள் எட்டுப் பிள்ளைகள். அவர்களில் ஒன்று கைக்குழந்தையாகவே இறந்தது. திருமணத்திற்குப் பிறகு காரின் தூரிகையைக் கைவிட்டார்.

1888இல் காரினின் தந்தை சுண்ட்போர்னில் இருந்த ‘லில்லா ஹுட்நேஸ்’ என்ற சிறு மரவீட்டை இத்தம்பதியருக்குக் கொடுத்தார். அப்பகுதி ஃபாலுன் தாமிரச் சுரங்கத்தின் சுற்றுப்புறம். வீட்டின் பெயரிலேயே உலோகம் உருக்கும் கொட்டகையைக் குறிக்கும் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்வீடனின் கிராம வீடுகளுக்கே அடையாளமாகிவிட்ட அந்தக் கருஞ்சிவப்புச் சாயமும் இதே சுரங்கத்தின் கழிவு மண்ணிலிருந்து வந்ததுதான். ஒருகாலத்தில் செல்வர்கள் தம் மரமாளிகைகளைச் செங்கல் மாளிகைபோலக் காட்டுவதற்குப் பூசிய நிறம் அது; பின்னர்தான் குடியானவர் வீடுகளுக்கு இறங்கி வந்தது.

முதலில் கோடைக்கால வீடாக இருந்த இது 1901 முதல் குடும்பத்தின் நிரந்தர வீடாயிற்று. ஒரே மூச்சில் கட்டிமுடித்த வீடன்று. குடும்பம் வளர வளர அறை அறையாக வளர்ந்த வீடு. ஓவியக்கூடம் ஒன்று சேர்ந்தது. அது போதாமல் இன்னும் பெரிய கூடம் ஒன்று எழுந்தது. இவ்வளவுக்கும் ஊர்த் தச்சர்களின் உழைப்பும் பழைய சாமான்களுமே பெரிதும் கைகொடுத்தன.

அக்காலத்து ஸ்வீடிஷ் நடுத்தர வர்க்க வீட்டை நினைத்துப் பார்த்தால்தான் இவர்கள் செய்ததன் துணிவு விளங்கும். கருமரச் சாமான்கள், கனத்த திரைகள், விருந்தினர் வரும் நாளில் மட்டும் திறக்கப்படும் கூடம் என்பதே அன்றைய மதிப்பின் இலக்கணம். காரின் சன்னல்களுக்கு ஒளியைத் திருப்பிக் கொடுத்தார். பதினெட்டாம் நூற்றாண்டுப் பாணியில் அமைந்த பழைய இருக்கைகள் வெள்ளைப் பூச்சும் நீலக்கோட்டு உறையும் பெற்றன. உணவறையில் சிவப்பும் பச்சையும் அருகருகே நின்றன. கார்லின் கட்டில் சுவரோரம் ஒதுங்காமல் அறையின் நடுவே திரைகளுடன் அமர்ந்தது. அவர் அறைக்கும் காரினும் சிறுபிள்ளைகளும் உறங்கிய அறைக்கும் இடையே, ‘காதலின் ரோஜா’ என்று பெயரிட்டுக் காரின் உருவாக்கிய நெசவுத் திரை தொங்கியது. ‘நான்கு பூதங்கள்’ என்ற அவருடைய மற்றொரு நெசவு உணவறை இருக்கைக்கு உரியது. 1906இல் அவர் வரைந்து கொடுத்த ஆடுநாற்காலியை ஊர்த் தச்சர் செய்தார். நேர்கோடுகளாலான அந்த நாற்காலி இன்று பார்ப்பவருக்கும் நவீனமாகவே தோன்றும். தம் பிள்ளைகளின் உடைகளையும், வேலைக்கு ஏற்ற தளர்ந்த மேலாடையைத் தமக்கும் அவரே வடிவமைத்துக்கொண்டார்.

இவற்றில் எதையும் அவர் விற்பனைக்காகச் செய்யவில்லை. எல்லாம் உட்காரவும் போர்த்தவும் துவைக்கவும் செய்யப்பட்டவை.

பின் இவ்வீடு எப்படி உலகறிந்தது? 1890களின் நடுவில் மழை விடாது பெய்த ஒரு கோடையில், வெளியே சென்று வரைய முடியாமல் சலித்திருந்த கார்லிடம், வீட்டின் உட்புறத்தையே வரையலாமே என்று காரின் யோசனை சொன்னதாகக் கூறுவர். அவ்வரிசையின் தொடக்கப் படங்களில் ஒன்றில், உணவு மேசையிலிருந்து தண்டனையாக வெளியே அனுப்பப்பட்ட சிறுவன் பொன்டுஸ் வரவேற்பறை மூலையில் அமர்ந்திருக்கிறான். குழந்தையின் முகவாட்டத்துக்குப் பின்னால் நீலக்கோட்டு உறைகள் தெரிகின்றன. இந்த நீர்வண்ண ஓவியங்கள் 1897இல் ஸ்டாக்ஹோம் கண்காட்சியில் வைக்கப்பட்டன. 1899இல் ‘ஒரு வீடு’ என்ற பொருள்படும் ‘எத் ஹெம்’ என்ற நூலாக வெளிவந்தன. அதே காலத்தில் சிந்தனையாளர் எல்லன் கேய், அழகு செல்வர்களுக்கு மட்டும் உரியதன்று, எளிய வீட்டிலும் அது இயலும் என்று எழுதிக்கொண்டிருந்தார். அவர் கருத்துக்கு இவ்வீடு சான்றாக அமைந்தது. 1909இல் ஜெர்மனியில் ‘வெயிலில் ஒரு வீடு’ என்ற பொருளில் மலிவுப் பதிப்பு ஒன்று வந்தது, பல்லாயிரக்கணக்கில் விற்றது. வண்ண அச்சு மலிவடைந்த காலம் அது. முன்பு ஒரு மாளிகையைப் பார்த்துத்தான் மற்றொரு மாளிகை உருவானது. இப்போது ஒரு புத்தகத்தைப் பார்த்துப் பல்லாயிரம் வீடுகள் தம்மை மாற்றிக்கொண்டன.

அந்த வெயிலுக்கு நிழலும் இருந்தது. ஒருகாலத்து நண்பரான நாடகாசிரியர் ஸ்ட்ரிண்ட்பெர்க் 1908இல் இத்தம்பதியரைக் கடுமையாகத் தாக்கி எழுதி, அந்த மகிழ்ச்சி வெறும் பூச்சு என்றார். அத்தாக்குதலில் வன்மம் மிகுதி. ஆனால் கார்லின் மறைவுக்குப் பின் 1931இல் வெளிவந்த தன்வரலாறு, அன்பற்ற தந்தையையும் இருண்ட குழந்தைப் பருவத்தையும் அவரை விடாது தொடர்ந்த மனச்சோர்வையும் வெளிப்படுத்திற்று. 1905இல் பதினெட்டு வயது மகன் உல்ஃபை இழந்த வீடும் இதுவே. ஆகவே அந்த ஓவியங்களைப் பொய் என்பதைவிட வேண்டுதல் என்று கொள்வதே பொருத்தம். தான் குழந்தையாக வாழக் கிடைக்காத வீட்டைத் தன் குழந்தைகளைக் கொண்டு வரைந்து பார்த்தார் அவர்.

வேண்டுதல் அவருடையது, அதற்கு உருவம் கொடுத்த கைகள் யாருடையவை? வரலாறு நெடுங்காலம் இக்கேள்வியைக் கேட்கவில்லை. காரணம் எளியது. ஓவியத்தில் கையொப்பம் உண்டு, துணியில் இல்லை. ஓவியம் அச்சேறி உலகைச் சுற்றும். மெத்தை உறையோ உட்கார உட்காரத் தேய்ந்துபோகும். படத்தில் இருக்கும் நாற்காலியை வடிவமைத்தவரை விட்டுவிட்டு, நாற்காலியை வரைந்தவரைப் படைப்பாளி என்றோம். அவ்வீட்டு வாயிலின் மேல் உள்ள வரவேற்பு வாசகமும் இதற்கு ஒத்துப்போகிறது. கார்ல் லார்சனும் அவர் மனைவியும் வரவேற்பதாக அது சொல்கிறது. மனைவிக்கு அங்கே பெயர் இல்லை. வீட்டுக்குரியவளை ‘இல்லாள்’ என்று அழைக்கும் மொழி நம்முடையது. அந்தச் சொல்லிலும் அவள் பெயர் இல்லை என்பதையும் நாம் சேர்த்தே எண்ண வேண்டும்.

1997இல் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் நடத்திய கண்காட்சி, கார்ல், காரின் இருவரையும் ஸ்வீடிஷ் பாணியின் படைப்பாளிகள் என்று தலைப்பிலேயே இணைத்துச் சொன்னது. காரின் மறைந்து அப்போது 69 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே 1997இல், கார்ல் தம் பெரும்படைப்பாகக் கருதிய, 1915இல் முடித்தும் ஸ்டாக்ஹோம் தேசிய அருங்காட்சியகத்தால் மறுக்கப்பட்ட ‘நடுக்குளிர்கால பலி’ என்ற பேரோவியமும் அதற்குரிய சுவரை வந்தடைந்தது. ஆயினும் உலகம் கார்லை நினைவு வைத்திருப்பது அதற்காக அன்று. மனைவி அமைத்த அறைகளை அவர் வரைந்ததற்காகவே.

இன்று ஒரு பழைய வீட்டை இப்பாணியில் புதுப்பிக்க விரும்புவோருக்கு வெள்ளை வண்ணமும் கோட்டுத்துணியும் கடையில் கிடைக்கும். காரின் செய்ததோ வேறு வகைத் தேர்வு. இருப்பதை எறியாமல் நிறம் மாற்றினார்; ஊர்த் தச்சரிடம் வேலை கொடுத்தார்; விருந்தினருக்கென்று பூட்டி வைக்கும் கூடத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டார். சுண்ட்போர்ன் வீடு இப்போது பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது. அங்கே செல்பவர் ஓவியங்களில் கண்ட அறைகளைத் தேடிச் செல்கிறார். அவர் காண்பதில் பெரும்பகுதி, ஓவியம் வரையப்படுவதற்கு முன்பே ஒரு பெண் செய்து முடித்திருந்த வேலை.