நுளம்பும் நிலமும்: ரிப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சலின் சமூக வரலாறு

‘புதிதாகத் தோன்றும் நோய்கள்’ என்னும் தொடர் அண்மைத் தசாப்தங்களில் மருத்துவ எழுத்துகளிற் பெருவழக்காகியுள்ளது. விலங்குகளிடையே வாழும் வைரசுகள் நுளம்பு வழியாக மனிதரைத் தாக்கும்பொழுது இத்தொடர் சிறப்பாகக் கையாளப்படுகின்றது. ஆயின், புதிது என்பது எதனைச் சுட்டுகின்றது? வைரசையா, அதனைப் பரவச்செய்யும் சமூக நிலைமைகளையா? இவ்வினாவுக்கு விடைகாண ரிப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சலின் வரலாறு பெரிதும் துணைபுரிகின்றது.

1930ஆம் ஆண்டிற் கெனியாவின் நைவாஷா ஏரிக்கரைப் பண்ணையொன்றிற் செம்மறிக் குட்டிகள் திரளாக மாண்டன, சினையாடுகள் கருச்சிதைவுற்றன, மந்தை மேய்த்தோரும் காய்ச்சலுற்றனர். டோப்னி, ஹட்சன், கார்னம் ஆகிய மூவரும் 1931இல் இதனை வைரசு நோயென நிறுவினர். மந்தையை மேட்டுநிலத்துக்கு மாற்றியதும் இறப்புகள் குறைந்தமை நுளம்பின்மீது ஐயங்கொள்ளச் செய்தது. 1944இல் உகண்டாவின் செம்லிகிக் காட்டிற் பிடிக்கப்பட்ட நுளம்புகளிலிருந்து அவ்வைரசு பிரித்தெடுக்கப்பட்டபொழுது ஐயம் வலுப்பெற்றது.

மருத்துவ நூல்கள் இவற்றையெல்லாம் கூறுகின்றன. அப்பண்ணைகள் அங்கு வந்த கதையை அவை கூறுவதில்லை. நைவாஷாவைச் சூழ்ந்த புல்வெளிகள் மாசாய் மக்களின் மேய்ச்சல் நிலங்களாக இருந்தவை. உகண்டாப் புகையிரதப் பாதை 1901இல் நிறைவெய்தியதும், அதனை அண்டிய நிலம் குடியேற்றவாசிகளின் வேட்கைக்கு இலக்காயிற்று. 1904ஆம் ஆண்டு உடன்படிக்கை மாசாய் மக்களைப் பள்ளத்தாக்கிலிருந்து அகற்றியது. 1911ஆம் ஆண்டு உடன்படிக்கை, அவர்கள் ஒதுங்கியிருந்த லைகிப்பியாவிலிருந்தும் வெளியேற்றியது. டெலமெயர் பிரபு போன்ற பெருநிலக்காரர் சந்தைக்கெனக் கம்பளி தரும் மெரினோ முதலிய இனங்களை இறக்குமதி செய்தனர். உள்ளூர்க் கால்நடை இனங்கள் இவ்வைரசை ஒப்பீட்டளவில் தாங்கவல்லன. வந்தேறு இனங்களோ எளிதிற் பலியாயின. வைரசு பழையதாயிருக்கலாம், நிலத்தின் உடைமை புதியது, அதில் மேய்ந்த மந்தையும் புதியது.

நுளம்பின் இயற்கையும் இங்கு நோக்கத்தக்கது. சில ஈடிசு இனங்கள் மழைக்காலத்தில் நீர் தேங்கும் ஆழமற்ற பள்ளங்களின் மண்ணில் முட்டையிடுகின்றன. அம்முட்டைகள் ஆண்டுக்கணக்கில் உலர்ந்து கிடப்பினும் அழிவதில்லை. வைரசு தாய் நுளம்பிலிருந்து முட்டைக்குக் கடத்தப்படுகின்றது என்பது 1980களிற் கெனியாவில் நடந்த ஆய்வுகளாற் புலனாயிற்று. பெருமழையில் முட்டைகள் பொரிக்கின்றன. நுளம்புகள் கால்நடைகளைக் கடிக்கின்றன. நோயுற்ற கால்நடைகளின் குருதியிலிருந்து கியூலெக்சு முதலிய நுளம்புகள் நோயை மேலும் பரப்புகின்றன. இவ்வாறு மழையோடு எழுந்து மழையோடு அடங்கிய சுழற்சி, மனிதர் நீரைத் தேக்கத் தொடங்கியதும் புதிய களங்களைப் பெற்றது.

1977 வரை சகாராவுக்குத் தெற்கேயே அறியப்பட்டிருந்த இந்நோய் அவ்வாண்டில் எகிப்தைத் தாக்கியது. அரசாங்கக் கணக்கின்படியே ஏறத்தாழ 18,000 பேர் நோயுற்றனர். 598 பேர் மாண்டனர். அசுவான் உயர் அணை நிறைவெய்தி ஏழாண்டுகளே கடந்திருந்தன. சூடானிலிருந்து வந்த கால்நடைகளோடு வைரசு வந்திருக்கலாமெனக் கருதப்படுகின்றது. ஆண்டு முழுதும் நீர் பாயும் வயல்களும் கால்வாய்களும் நுளம்புகளுக்கு இடமளித்தன. 1986இற் செனகல் ஆற்றின் டியாமா அணை நிறைவெய்தியது. 1987இல் மொரித்தானியாவின் ரோசோப் பகுதியில் இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அணை மட்டுமே காரணமெனல் எளிமைப்படுத்தலாகும். எனினும் நீர், மந்தை, நுளம்பு, வணிகம் ஆகியன சந்திக்கும் இடங்களை அபிவிருத்தித் திட்டங்களே பெரிதும் தீர்மானித்தன என்பதில் ஐயமில்லை.

இழப்பும் எல்லோருக்கும் சமமாகப் பகிரப்படவில்லை. நுளம்புக்கடியால் மட்டுமன்றி, நோயுற்ற விலங்கின் குருதியைத் தொடுவதாலும் மனிதர் தொற்றுக்குள்ளாகின்றனர். எனவே இடையரும் இறைச்சித் தொழிலாளருமே முன்னணியில் வீழ்கின்றனர். 2000ஆம் ஆண்டில் இந்நோய் சவூதி அரேபியாவையும் யேமனையும் எட்டியபொழுது, கால்நடை இறக்குமதித் தடையாற் சோமாலிய இடையரின் வாழ்வு நிலைகுலைந்தது. ஆடுமாடுகளுக்கான தடுப்பூசி பல தசாப்தங்களாக உள்ளது. மனிதருக்கான பரீட்சார்த்தத் தடுப்பூசி ஆய்வுகூடப் பணியாளரையும் அமெரிக்கப் படையினரையும் எட்டியது, இடையரை எட்டவில்லை.

நம் நாட்டிலும் இதனையொத்த அனுபவம் உண்டு. நெல்வயல்களிற் பெருகும் கியூலெக்சு நுளம்புகள் யப்பானிய மூளையழற்சி வைரசை நீர்ப்பறவைகளிலிருந்து பன்றிகளுக்கும், பன்றிகளிலிருந்து மனிதருக்கும் கொண்டுசெல்கின்றன. 1985ஆம் ஆண்டின் இறுதியில் அநுராதபுர மாவட்டத்தில் அந்நோய் பெருவாரியாக வெடித்தது. நீர்ப்பாசனக் குடியேற்றங்களிலே துணைவருமானத்துக்கெனப் பன்றி வளர்ப்பு ஊக்குவிக்கப்பட்டிருந்தது. வயலையும் பன்றிப்பட்டியையும் அருகருகே நிறுத்தியது இயற்கையன்று, திட்டமிடலே.

அணைகளும் பாசனமும் வேண்டாமென்பது இதன் முடிபன்று. நீரின்றி உழவருக்கு விடிவில்லை. ஆனால் அணையின் செலவுக் கணக்கிற் சீமெந்தும் கடன் வட்டியும் இடம்பெறுகின்றன. நோயின் செலவு இடையரின் குடிசைக் கணக்கில் எழுதப்படுகின்றது. மந்தைகளுக்கு உரிய காலத்திலே தடுப்பூசி ஏற்றுவதும், கருச்சிதைவுகளை முதலிற் காணும் இடையரின் சொல்லுக்குச் செவிசாய்ப்பதும் திட்டத்தின் உள்ளுறுப்புகளாக வேண்டும். அவ்வாறு ஆகாதவரை, ஒவ்வொரு கொள்ளைநோயும் ‘புதிது’ என்றே பதிவுசெய்யப்படும்.