நடுங்கிய திரை

மானிட்டர் வாங்கப் போனால் கடைக்காரர் என்னிடம் முதலில் கேட்பது, "கேமிங்கா சார், டிசைனிங்கா?" ரெண்டும்தான் என்றால் விலை எகிறும். கேள்வி பழசு.

1985 ஜூலையில், நியூயார்க் லிங்கன் சென்டரில் கமடோர் நிறுவனம் அமிகா கணினியை அறிமுகப்படுத்தியது. மேடையில் ஆண்டி வார்ஹோல், பாடகி டெபி ஹாரியின் படத்துக்கு மவுஸால் வண்ணம் தீட்டினார். ஜே மைனரின் குழு அதைத் தொடங்கியதென்னவோ வீடியோ கேம் இயந்திரமாகத்தான். உருவங்களைச் சட்டென்று நகர்த்தச் செய்த சிப்புகளே ஓவியருக்கும் கைகொடுத்தன.

எனக்கு வார்ஹோலைவிட அந்தத் திரைதான் சுவாரஸ்யம். கேமுக்கு 200 வரிகள் போதும். நுணுக்கமாக வரைய 400 வரிகளுக்குப் போனால், அமிகா ஒற்றைப்படை வரிகளை ஒருமுறை, இரட்டைப்படை வரிகளை மறுமுறை என்று மாற்றி மாற்றி அனுப்பும். ஒவ்வொரு வரிக்கும் நொடிக்கு 30 முறைதான் உயிர். மெல்லிய கிடைக்கோடுகள் நடுங்கும், கண் எரியும். ஒளி மெதுவாக மங்கும் பாஸ்பர் திரையை வாங்கலாம், நடுக்கம் அடங்கும். ஆனால் கேமில் ஓடுகிறவனுக்குப் பின்னால் வால் முளைக்கும்! ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்கு நோய். கடைசியில் 1990இல் வந்த அமிகா 3000, நடுக்கத்தை நீக்கும் சர்க்யூட்டை உள்ளேயே வைத்துக்கொண்டது.

நடுக்கத்துக்குக் காரணம், அமிகா தொலைக்காட்சியின் தாளத்திலேயே சிக்னல் அனுப்பியது. அதனாலேயே வீடியோவோடு அதை இணைப்பது சுலபமாக இருந்தது. அதே 1990இல் நியூடெக்கின் வீடியோ டோஸ்டர் அட்டை அமிகாவுக்குள் ஏறியது. 1993இல் 'பாபிலான் 5' தொடரின் முன்னோட்டப் படத்தில் பறந்த விண்கலங்கள் அதில் உருவானவை.