அட்டையிலிருந்து திரைவரை: காஞ்சிபுரத்து நெசவு வீடுகளில் கணிப்பொறி

காஞ்சிபுரத்து நெசவாளர் வீடுகளில் கணிப்பொறி ஓரளவு பரவலாக நுழைந்தது 2000ஆம் ஆண்டுக்குப் பிறகுதான் என்றாலும், துளையிட்ட அட்டையைப் படித்து அதன்படி வேலை செய்யும் கருவி அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அவ்வீடுகளில் குடியேறிவிட்டது. தறியின் தலைமேல் பூட்டப்படும் ஜக்கார்டுப் பெட்டியே அக்கருவி. பிரான்சு நாட்டின் லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மரி ஜக்கார்டு 1804ஆம் ஆண்டையொட்டி உருவாக்கிய இப்பொறியில், துளை உள்ள இடத்தில் பாவு இழை மேலே எழும், துளை இல்லாத இடத்தில் அது அசையாமல் கிடக்கும் என்னும் ஒரே விதி எத்தனை சிக்கலான கொடியையும் அன்னத்தையும் பட்டில் எழுதிவிடுகிறது. இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தம் பகுப்புப் பொறிக்கான திட்டத்தில் இந்த அட்டைகளையே கைக்கொண்டார். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் துளை அட்டைகளைக் கொண்டுதான் ஹெர்மன் ஹோலரித் விரைவாகத் தொகுத்தார். ஆகவே, கணிப்பொறியின் மூதாதை ஒன்று காஞ்சிபுரத்தின் நெசவுப் பகுதியான பிள்ளையார்பாளையத்துத் தறி வீடுகளில் கணிப்பொறிக்கு முன்னரே உழைத்துக்கொண்டிருந்தது என்பது வெறும் அலங்காரப் பேச்சன்று.

அட்டை வருவதற்கு முன் காஞ்சியில் வழங்கியது அடை முறை. அதாவது, வடிவத்துக்கேற்ப நூல்களை முன்கூட்டியே கட்டிவைத்து, நெய்பவர் பக்கத்தில் ஓர் உதவியாளர் அவற்றை வரிசை தவறாமல் இழுத்துக் கொடுக்கும் முறை. ஜக்கார்டு வந்தபின் உதவியாளரின் நினைவில் இருந்த வரிசை அட்டைக்கு இடம் மாறியது. ஓவியர் கட்டத்தாளில் ஒவ்வொரு சதுரமாக நிரப்பி வடிவத்தை எழுதுவார். அட்டை அடிப்பவர் அதைப் பார்த்து ஊடைக்கு ஓர் அட்டை வீதம் துளையிடுவார். பின்னர் அவை கயிற்றால் கோக்கப்பட்டுச் சங்கிலியாகத் தறிமேல் தொங்கும். மழைக்கால ஈரத்தில் அட்டை ஊறி உப்பும், எலி கடிக்கும், அடிக்கடி புரளும் இடத்தில் துளை கிழியும். ஆனால் கிழிந்தது எது என்பதைச் சேலையே காட்டிக்கொடுத்துவிடும். சரிகைக் கொடியில் ஓரிடத்தில் இழை தவறினால், நெய்பவர் சங்கிலியைப் பின்னோக்கி உருட்டி, குற்றமுள்ள அட்டையைக் கண்ணாலேயே கண்டுபிடித்து, கிழிசலில் காகிதத்தை ஒட்டி மறுபடி துளையிட்டு அதே இடத்தில் வேலையைத் தொடர்வார். ஓர் அட்டை கெட்டால் கெடுவது அந்த ஓர் இழை மட்டுமே, பழுதும் வீட்டுக்குள்ளேயே தீர்ந்துவிடும் என்பதுதான் இக்கருவியின் பெருஞ்சிறப்பு.

பின்னால் வந்த கணிப்பொறிக்கு இச்சிறப்பு வாய்க்கவில்லை. சென்னை ரிச்சி தெருவில் உதிரிப் பாகங்களை வாங்கிக் கோத்துக்கொடுக்கும் அசெம்பிள்டு கணிப்பொறிகளே காஞ்சிபுரத்துக்குப் பெரும்பாலும் வந்தன. அவற்றை ஏற்ற வீடுகள் பட்டுக்காக அமைந்தவை: தறிக்குழி வெட்டிய தரையின் ஈரம் பாவு இழை அறாமல் காக்கிறது, அதே ஈரம் பொறியின் உள்பலகையில் துருவை ஏற்றுகிறது, கஞ்சி போட்ட பாவிலிருந்து பறக்கும் பொடியும் இழைத்தூசியும் விசிறியில் படிந்து பொறியைச் சூடாக்குகின்றன. திரை திடீரென நீலமாகி நின்றால் எந்த அட்டை கிழிந்தது என்று பார்க்க வழியில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவதைத் தவிர வேறு கதியுமில்லை.

மின்சாரம் இன்னொரு பெருந்தொல்லை. 2008 முதல் தமிழகத்தை வாட்டிய மின்தட்டுப்பாடு 2012இல் உச்சத்தை அடைந்தபோது, சென்னைக்கு வெளியே நாளின் பெரும்பகுதி மின்சாரம் இல்லாமல் கழிந்தது. மின்சாரம் தடைபட்ட பின்னும் சில நிமிடங்கள் பொறியைத் தாங்கும் மின்கலப் பெட்டியான யுபிஎஸ், மணிக்கணக்கான மின்வெட்டின் முன் நிற்கவில்லை. திரையில் வரைந்து சேமிக்காத முந்தானை வடிவம் பாதியில் அழிந்துபோவது வடிவமைப்பாளர்களுக்கு வாடிக்கையானது. கைத்தறியோ வெளிச்சம் உள்ளவரை நின்றதில்லை.

தமிழும் பொறியில் எளிதில் அமரவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எழுத்துருக் குறியீட்டை வைத்திருந்த காலத்தில், ஒரு கணிப்பொறியில் எழுதிய கடிதம் மறு கணிப்பொறியில் கட்டங்களாகவும் குழப்பமான குறிகளாகவும் தெரிந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு விசைப்பலகையையும் குறியீடுகளையும் ஒழுங்குபடுத்த முயன்றது. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்ற பிறகே அந்த இடர்ப்பாடு மெல்ல விலகியது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், அரசுப் பள்ளியில் மேல்நிலை வகுப்பு படித்த நெசவாளர் பிள்ளைகளின் கைக்கும் பொறி எட்டியது. ஒரு தலைமுறைக்கு அது முதல் சொந்தக் கணினி. அதன் மதிப்பைக் குறைத்துப் பேசுவது நியாயமன்று.

சமூக ஊடகம் முதலில் பிரவுசிங் சென்டர் வழியாகவே ஊருக்குள் வந்தது. 2004இல் தோன்றிய ஆர்குட்டும், பின்னர் பேஸ்புக்கும், மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்த இளைஞர்களின் பொழுதுபோக்காக இருந்தன. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையக் கட்டணம் சரிந்தபின், பழுதாகிக் கிடந்த மேசைக் கணிப்பொறியை யாரும் திருத்த முனையவில்லை; அதன் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. இந்த மாற்றத்தை ஊர்த் திருவிழாவிலும் காணலாம். காஞ்சி வரதராசப் பெருமாள் கோயில் குளத்திலிருந்து நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வெளியே எழுந்தருளும் அத்தி வரதரை 1979இல் கண்டோர் ஊர் திரும்பித்தான் கோலத்தைச் சொல்ல முடிந்தது. 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் நடந்த வைபவத்திலோ, அன்றன்றைய பட்டாடையும் அலங்காரமும் காலையிலேயே வாட்ஸ்அப்பில் உலகைச் சுற்றின, கூட்டமும் அதனால் பெருகியது.

நெசவுக்கு இந்த வேகம் இருமுனைக் கத்தியாக அமைந்தது. இடைத்தரகர் இன்றி வாங்குவோரை நேரில் எட்டும் வழி திறந்தது உண்மை. ஆனால், உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் நெய்து இணைக்கும் கோர்வைச் சேலை ஒன்று தறியிலிருந்து இறங்கப் பல நாட்கள் ஆக, அதன் படமோ ஒரு நொடியில் பரவி, விசைத்தறியில் நகலாகிக் குறைந்த விலையில் காஞ்சிப் பட்டு என்னும் பெயரிலேயே விற்பனைக்கு வந்துவிடுகிறது. பட்டுச்சேலை உள்ளிட்டவற்றைக் கைத்தறிக்கே ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டமும், காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இல் கிடைத்த புவிசார் குறியீடும் தாளில் வலுவானவை. கைப்பேசித் திரையில் அவற்றின் காவல் செல்லுபடியாகவில்லை.

வடிவங்களின் கதி இதைவிடக் கவலை தருவது. இன்று பென் டிரைவில் கொண்டுவரும் கோப்பைப் படிக்கும் மின்னணு ஜக்கார்டு வந்துவிட்டதால், பழைய அட்டைச் சங்கிலிகள் பரணில் கிடந்து மக்குகின்றன, எடைக்கும் போகின்றன. அவற்றுக்கு மாற்றாக வந்த கோப்புகளோ பழுதான வன்தட்டுகளோடு மாண்டுபோகின்றன. அட்டையையும் கட்டத்தாளையும் படமெடுத்து, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் படி எடுத்துவைக்கும் வேலையைக் கூட்டுறவுச் சங்கங்களும் நெசவாளர் சேவை மையமும் உடனே மேற்கொள்ள வேண்டும். அதுவரை தம் வீட்டுப் பரணில் உள்ள ஒரு சங்கிலியையும் எவரும் பழைய காகிதக் கடைக்குப் போட வேண்டாம்.